பதினெட்டிலேயே பார்க்க வேண்டிய பிரஷர்

ஆஸ்திரேலியாவில் ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று மருத்துவர்கள் முறையாகக் கணக்கிடத் தொடங்குவது பொதுவாக 45 வயதில். அந்நாட்டின் தொல்குடிகளான அபோரிஜினல் மக்களுக்கும் டோரஸ் நீரிணைத் தீவினருக்கும் அந்த வயது 30. அதற்கும் முன்னதாகவே, 18 வயது ஆனதும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சிறுநீரகத்தையும் சோதித்துவிட வேண்டும் என்று 2020இல் வெளியான மருத்துவப் பரிந்துரை சொல்கிறது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு பிரஷர் பார்க்கச் சொல்கிறார்கள் என்றால், அந்த மக்களிடையே அந்த நோய் எவ்வளவு சீக்கிரம் வேலையைத் தொடங்கிவிடுகிறது என்று புரிந்துகொள்ளலாம். ஒரே நாடு, ஒரே மருத்துவத் துறை, இரண்டு வேறு வயதுகள். இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அது அவர்களின் ரத்தத்திலேயே ஊறியது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அவர்கள் உண்பதும் குடிப்பதும் சரியில்லை என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். கடந்த நாற்பது ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால் இரண்டு விடைகளுமே நிற்கவில்லை. தாயின் வயிறு, குடியிருக்கும் வீடு, ஊரின் ஒற்றைக் கடை, இடையிலேயே நின்றுபோகும் மருத்துவம் ஆகிய நான்கும் சேர்ந்து உருவாக்கிய நோய் இது. மனிதர்கள் செய்த ஏற்பாட்டால் வந்தது, மனிதர்கள் மாற்றினால் மாறக்கூடியது.

முதலில் நோயின் இயல்பைப் பார்த்துவிடலாம். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் அளவு, இதயம் தளர்ந்திருக்கும்போது இருப்பது கீழ் அளவு. 120/80 என்பது நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய அளவு. 140/90ஐத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் அதை உயர் ரத்த அழுத்தம் என்கிறோம். இதில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பெரும்பாலும் தலைவலிகூட இல்லை. இருபத்தைந்து வயது இளைஞர் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் தழும்பேறிக்கொண்டிருக்கலாம். 2012–13இல் ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறை தொல்குடி மக்களிடம் நேரடியாக ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தது. உயர்ந்த அளவு பதிவானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்குத் தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், மற்ற ஆஸ்திரேலியர்களிடமும் இந்த அறியாமை இதே அளவில்தான் இருந்தது. வேறுபாடு வயதில் இருந்தது. தொல்குடி மக்களிடம் அளவு முன்னதாகவே ஏறத் தொடங்கி, 35 முதல் 44 வயதுக்குள் இடைவெளி மிகப் பெரிதாகிவிட்டிருந்தது. பிள்ளைகளை வளர்த்து, சம்பாதித்து, குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயது அது.

அந்த வயதில் இறுகிப்போன அழுத்தம் கடைசியில் சிறுநீரகத்தில் போய் முடிகிறது. ஆஸ்திரேலியாவில் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் போன்ற சிகிச்சையைத் தொடங்கும் தொல்குடியினரில் பாதிக்கும் மேற்பட்டோர் 55 வயதுக்கு உட்பட்டவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் முதுமையில்தான் அந்த நிலைக்கு வருகிறார்கள். 1991இல் ஓர் உடன்படிக்கை கோரும் பாடலால் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த யோத்து யிந்தி இசைக்குழுவின் முதன்மைப் பாடகர், ஒரு பள்ளியின் முதல்வராகவும் இருந்தவர், 2013இல் சிறுநீரக நோயால் இறந்தபோது அவருக்கு வயது 56. இறந்தவரின் பெயரை உச்சரிக்காமல் இருப்பது அவருடைய மக்களின் வழக்கம், அதனால் இங்கும் பெயர் இல்லை. பணமும் புகழும் நாட்டின் உயர்ந்த விருதும் பெற்றவரையே அந்த நோய் விடவில்லை. 2020–22 கணக்குப்படி தொல்குடி ஆண்களின் சராசரி ஆயுள் 71.9, பெண்களுடையது 75.6. மற்றவர்களைவிட எட்டு ஆண்டுகளுக்கு மேல் குறைவு. அந்த எட்டு ஆண்டுகளில் பெரும் பங்கை இதயமும் சிறுநீரகமும் சர்க்கரையும் எடுத்துக்கொள்கின்றன. மூன்றுக்கும் நடுவில் நின்று ஒன்றை ஒன்றோடு கோப்பது ரத்த அழுத்தம்.

இனி முதல் மறுப்புக்கு வருவோம். பழங்குடி மக்களின் மரபணுவிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது என்ற பேச்சு படித்தவர்களிடையேயும் உண்டு. 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்த அழுத்தத்தையும், அவர்கள் சிறுநீரில் வெளியேறும் உப்பையும் அளந்தது. அமேசான் காட்டின் யானோமாமி மக்களிடம் சராசரி அழுத்தம் 95/61 அளவில் இருந்தது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர் என்று ஒருவரையும் காணவில்லை. வயது ஏற ஏற அழுத்தமும் ஏறும் என்று நாம் இயற்கை விதிபோல எண்ணிக்கொண்டிருப்பது அவர்களிடம் நடக்கவில்லை. அவர்கள் உணவில் சேர்க்கப்படும் உப்பு என்று ஒன்று இல்லை என்றே சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் பக்கத்தில் இருக்கும் பாப்புவா நியூ கினியின் மலைப்பகுதி மக்களும் அந்த ஆய்வில் மிகக் குறைந்த உப்பும் குறைந்த அழுத்தமும் கொண்டவர்களாகவே இருந்தார்கள். அதாவது பழங்குடியாகப் பிறப்பது ரத்த அழுத்தத்தை ஏற்றுவதில்லை. உலகிலேயே மிகக் குறைந்த ரத்த அழுத்தம் பதிவானதே பழங்குடி மக்களிடம்தான்.

இதற்கு மேல் இன்னொரு ஆய்வு 2018இல் வந்தது. வெனிசுவேலா காட்டில் யானோமாமியரும் யெக்வானா மக்களும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். யெக்வானா ஊர்களில் விமான ஓடுதளம் இருக்கிறது, கிறித்தவ மடங்களின் தொடர்பு இருக்கிறது, பதப்படுத்திய உணவும் உப்பும் ஓரளவு வந்து சேர்கின்றன. ஒரு வயதுக் குழந்தை முதல் அறுபது வயதுவரை இரு தரப்பையும் அளந்தார்கள். யானோமாமியரிடம் அழுத்தம் வயதோடு ஏறவே இல்லை. யெக்வானா மக்களிடம் ஆண்டுக்குக் கால் புள்ளி வீதம் ஏறியது. பத்து வயதில் இரு தரப்புக்கும் இடையே சுமார் 6 புள்ளிகளாக இருந்த வேறுபாடு, ஐம்பது வயதில் 16 ஆகியிருந்தது. ஒரே காட்டின் இரு மக்கள், கடையும் உப்பும் வந்த பக்கம் மட்டும் அழுத்தம் ஏறுகிறது. அந்த ஏற்றம் சிறுவயதிலேயே தொடங்கிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நாற்பதில் மருத்துவரிடம் போகிறவர் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்ததைத்தான் கொண்டுபோகிறார்.

மரபணு இல்லை என்றால், ஒரே கடைச் சாமானைத் தின்னும் இருவரில் தொல்குடி இளைஞருக்கு மட்டும் ஏன் முன்னதாக வருகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடை தாயின் வயிற்றில் தொடங்குகிறது. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுக்கு நெஃப்ரான் என்று பெயர். இவை அனைத்தும் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே உருவாகி முடிந்துவிடும், அதற்குப் பிறகு ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. தாய்க்குச் சத்தில்லாமல், தொற்றோடும் புகையோடும் கருவைச் சுமந்து, குழந்தை எடை குறைந்து பிறந்தால் நெஃப்ரான்களும் குறைவாகவே இருக்கும். ஆஸ்திரேலியாவில் தொல்குடித் தாய்மார்களின் குழந்தைகளில் எடை குறைந்து பிறப்பவை மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. வெண்டி ஹோய் என்ற சிறுநீரக மருத்துவரும் அவர் குழுவினரும் இறந்தோரின் சிறுநீரகங்களை ஆராய்ந்தபோது, அபோரிஜினல் மக்களிடம் நெஃப்ரான்கள் சுமார் 30 விழுக்காடு குறைவாக இருந்தன, இருந்தவை அளவில் பருத்திருந்தன. பத்து மாடு இழுக்க வேண்டிய பாரத்தை ஏழு மாடு இழுத்தால் அவை சீக்கிரம் நொண்டத்தானே செய்யும். நெஃப்ரான் குறைந்தால் உப்பை வெளியேற்ற அழுத்தம் கூட வேண்டியிருக்கிறது, அந்த அழுத்தமே மிச்சமிருக்கும் நெஃப்ரான்களைச் சிதைக்கிறது, சிதையச் சிதைய அழுத்தம் மேலும் ஏறுகிறது.

இதை இனத்தின் குறை என்று வாசிப்பது பெரிய பிழை. 2003இல் ஜெர்மனியில் விபத்தில் இறந்த வெள்ளையர்களின் சிறுநீரகங்களில் நெஃப்ரான்களை எண்ணினார்கள். உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களிடம் சுமார் 7 லட்சம், இல்லாதவர்களிடம் சுமார் 14 லட்சம். பாதிக்குப் பாதி. ஆகவே நெஃப்ரான் குறைவும் பிரஷரும் கைகோத்து வருவது தொல்குடியினருக்கு மட்டும் உரியது அல்ல. ஒரு சமூகத்தில் குறைப்பிரசவமும் எடை குறைந்த பிறப்பும் மிகுந்தால் அந்தச் சமூகத்தில் இந்தத் தொடர்பு அதிகம் பேரைத் தொடும். கர்ப்பிணிக்கு நல்ல சாப்பாடும் ஒழுங்கான கவனிப்பும் கிடைத்தால், அடுத்த தலைமுறையின் பிரஷருக்கு அங்கேயே மருந்து போட்டதாகிவிடும்.

குழந்தை பிறந்த பிறகு வீடு வருகிறது. வட ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புற ஊர்களில் சிறுபிள்ளைகளுக்குச் சொறியும் சிரங்கும் ஓயாமல் வருவது பழைய செய்தி. சிரங்கில் தங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சில குழந்தைகளுக்குச் சிறுநீரக அழற்சியைக் கொண்டுவருகிறது. முகம் வீங்கும், சிறுநீர் சிவக்கும், சில வாரங்களில் சரியானதுபோலத் தோன்றும். ஆனால் அப்படி ஒருமுறை வந்த குழந்தைகளைப் பெரியவர்களான பின் சோதித்தபோது, சிறுநீரில் புரதம் ஒழுகும் வாய்ப்பு அவர்களிடம் கூடுதலாக இருந்தது. சோப்பும் தண்ணீரும் இருந்தால் தடுக்கக்கூடிய ஒன்று, இருபது ஆண்டு கழித்துச் சிறுநீரகத்தில் வந்து நிற்கிறது. வீட்டைக் கொடுத்தால் அவர்களே உடைத்துவிடுகிறார்கள் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு பேச்சு உண்டு. ஹெல்த்ஹபிடாட் என்ற அமைப்பு 1980களிலிருந்து ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாயையும் கழிவறையையும் மின்இணைப்பையும் சோதித்து, சோதித்த நாளிலேயே பழுது பார்த்து வருகிறது. பழுதுகளில் குடியிருப்பவர்களின் தவறான பயன்பாட்டால் நேர்ந்தவை பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. பெரும்பாலானவை வழக்கமான பராமரிப்பு செய்யப்படாததால் வந்தவை, மீதி மட்டமான கட்டுமானம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இப்படிச் சீர்செய்த வீடுகளில் இருந்தவர்கள் தொற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்வது 40 விழுக்காடு குறைந்தது. குழாயை மாற்றியதில் கிடைத்த பலன் அது.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குற்றச்சாட்டும் அதைச் சுற்றியே வருகிறது. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் மீன் பிடித்தும் வாழ்ந்த மக்களின் கையில் மைதா, சர்க்கரை, தேயிலை, உப்பிட்ட மாட்டிறைச்சி ஆகியவற்றை யார் கொடுத்தது? கால்நடைப் பண்ணைகளிலும் கிறித்தவ மடங்களிலும் ஊதியத்துக்குப் பதிலாக ரேஷனாகக் கொடுக்கப்பட்டவை இவை. 1966இல் வேவ் ஹில் பண்ணையிலிருந்து வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் குரிஞ்சி மக்கள் வெளிநடப்புச் செய்தபோது, அவர்கள் எதிர்த்தவற்றில் இந்த அற்பக் கூலியும் மட்டமான சாப்பாடும் இருந்தன. நிலத்தை இழந்தபோது உணவையும் இழந்தார்கள், அந்த இடத்தில் மூட்டையும் டின்னும் வந்து உட்கார்ந்தன. இன்றைக்கு ஒதுக்குப்புற ஊர் ஒன்றில் பெரும்பாலும் ஒரே கடைதான் இருக்கும். அடுத்த கடை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. மழைக்காலத்தில் சாலை மூடிவிடும், படகிலோ விமானத்திலோ சரக்கு வரவேண்டும். நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டைவிட விலை மிகவும் கூடுதல் என்பதை அரசின் விலைக் கணக்கெடுப்புகளே திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நார்தர்ன் டெரிட்டரி எனப்படும் வடக்கு ஆட்புலத்தில் மூன்று ஊர்களின் கடைக் கணக்குகளை வைத்து ஜூலி பிரிம்பிள்கோம்ப் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக்குச் செலவிட்ட பணத்தில் கால் பங்கு குளிர்பானம் உள்ளிட்ட பானங்களுக்கே போயிருந்தது. பழத்துக்குப் போனது 2 விழுக்காடு அளவு, காய்கறிக்கு 5 விழுக்காடு அளவு. உடலுக்குச் சேர்ந்த உப்பு தேவைக்குப் பல மடங்கு. அதில் பெரும் பங்கு தினமும் தின்னும் வெள்ளை ரொட்டியிலிருந்தும் மேலே தூவும் உப்பிலிருந்தும் வந்தது. பசிக்கும்போது ஒரு டாலருக்கு எது வயிற்றை நிறைக்குமோ அதை வாங்குவது எந்த ஊர் ஏழையும் செய்வதுதான்.

விருப்பத்தைப் பொறுத்தது இது, சட்டமா போட முடியும் என்பது அடுத்த மறுப்பு. விருப்பம் என்பது கடையின் அலமாரிக்கும் விலைச் சீட்டுக்கும் எவ்வளவு கட்டுப்பட்டது என்பதையும் அளந்திருக்கிறார்கள். வடக்கு ஆட்புலத்தின் இருபது ஊர்க் கடைகளில் பழம், காய்கறி, தண்ணீர், சர்க்கரையில்லாத பானம் ஆகியவற்றின் விலையை 20 விழுக்காடு குறைத்தபோது, பழமும் காய்கறியும் வாங்குவது 12.7 விழுக்காடு கூடியது. யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. பின்னர் 2020இல் வெளியான இன்னொரு சோதனையில், ஒதுக்குப்புற ஊர்களில் தொல்குடியினரே நடத்தும் கடைகள் பன்னிரண்டு வாரம் குளிர்பானத்தையும் இனிப்பையும் கண்ணில் படும்படி வைப்பதை நிறுத்தின, தள்ளுபடி விளம்பரத்தை எடுத்தன. சர்க்கரை விற்பனை 2.8 விழுக்காடு குறைந்தது. சின்ன எண் என்று தோன்றலாம். ஆனால் ஒரு பொருளையும் தடைசெய்யாமல், வைக்கும் இடத்தை மாற்றியதற்கே ஊர் முழுவதும் கிடைத்த பலன் அது, கடையின் லாபமும் குறையவில்லை. புகைபிடிப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தொல்குடியினரில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் தினமும் புகைப்பவர்கள் 2002இல் ஏறக்குறைய பாதிப்பேர். 2018–19இல் அது 37 விழுக்காடு ஆனது, இளையவர்களிடம் குறைவு வேகமாக இருக்கிறது. தங்கள் மக்களே முன்நின்று நடத்திய பிரசாரமும் உதவியும் கிடைத்தபோது நிகோடினைப் போன்ற பிடியையே விட்டவர்களைப் பார்த்து, மனவுறுதி இல்லாதவர்கள் என்று சொல்வது அவதூறு.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஏறத்தாழ பத்து லட்சம் தொல்குடியினரில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் நகரங்களிலும் சிறுநகரங்களிலும் வாழ்கிறார்கள், பாலைவன ஊர்களில் அல்ல. அவர்களுக்குக் கடையில் கீரை கிடைக்கும், மருத்துவரும் பக்கத்தில் இருப்பார். அப்படியிருந்தும் முப்பதுகளில் பிரஷர் வருகிறதே என்றால், இதற்கு நியூ சவுத் வேல்ஸ் பள்ளிப் பிள்ளைகளை 2002 முதல் பின்தொடரும் ஒரு நெடுங்கால ஆய்வு நல்ல வெளிச்சம் தருகிறது. அங்கே தொல்குடிப் பிள்ளைகளுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பள்ளி வயதில் ரத்த அழுத்தத்திலோ சிறுநீரகத்திலோ பெரிய வேறுபாடு இல்லை. அழுத்தத்தை ஏற்றியது உடல் பருமன், அது எந்தப் பிள்ளைக்கும் ஒன்றுபோலவே ஏற்றியது. ஆகவே நகரத்தில் இடைவெளி திறப்பது பள்ளியை விட்ட பிறகு. வேலை கிடைக்காமல், வாடகை கட்ட முடியாமல், காவலர் நிறுத்திக் கேட்பதும் கடைக்காரர் சந்தேகத்தோடு பார்ப்பதும் அன்றாடமாகி, பள்ளிக்கூடத்து விளையாட்டு நின்று, மலிவு உணவு பழகி வரும் அந்தப் பத்தாண்டுகள் யாரும் கவனிக்காத ஆண்டுகள். குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது, முதியவருக்கு மருந்துச் சீட்டு இருக்கிறது, இருபது வயதுக்காரருக்கு இரண்டும் இல்லை. 18 வயதுப் பரிசோதனை அந்த வெற்றிடத்தைக் குறிவைக்கிறது.

இளைஞர்களை நோயாளிகளாக்கிவிடும் வேலை இது, இருபத்தைந்தில் மாத்திரை தொடங்கினால் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும் என்ற மறுப்பில் உண்மையான அக்கறை இருக்கிறது. அதற்கு விடை டார்வின் நகருக்கு வடக்கே கடலில் இருக்கும் திவி தீவுகளில் கிடைத்தது. 1990களில் உலகிலேயே மிகக் கூடுதலான சிறுநீரகச் செயலிழப்பு பதிவான இடங்களில் ஒன்று அது. 1995இன் இறுதியில் வெண்டி ஹோய் குழுவினர் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களோடு சேர்ந்து, பிரஷரோ சிறுநீரில் புரதமோ இருந்த 250க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரிண்டோப்ரில் என்ற சாதாரண பிரஷர் மாத்திரையைத் தொடங்கி, விடாமல் அளந்து, விடாமல் கொடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே இயற்கை மரணங்கள் எதிர்பார்த்ததில் பாதியளவாகக் குறைந்தன. சிறுநீரகச் செயலிழப்பும் பாதிக்கு மேல் குறைந்தது. மருந்து புதிதல்ல, கருவி புதிதல்ல. ஒருவர் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை தீர்வதற்குள் அடுத்ததைக் கொடுத்ததுதான் புதிது. இந்த வெற்றியைவிட அதற்கடுத்து நடந்தது இன்னும் அதிகம் கற்றுத்தருகிறது. 1999க்குப் பிறகு அந்தத் திட்டம் தொல்குடியினரே நடத்தும் ஊர்ச் சுகாதார வாரியத்திடம் போனது, தனி நிதியும் தனிப் பணியாளர்களும் கரைந்தன. மக்களின் ரத்த அழுத்தம் மறுபடி ஏறியது, மரணங்களும் செயலிழப்புகளும் கூடின. அதே மக்கள், அதே மரபணு, அதே மனவுறுதி. மாறியது சேவை ஒன்றுதான்.

தொல்குடியினர் கையில் கொடுத்ததால்தான் கெட்டது என்று சிலர் இதை வைத்து வாதிடுவார்கள். நிதியையும் ஆட்களையும் குறைத்துவிட்டு நிர்வாகத்தை மட்டும் கைமாற்றினால் எந்த அமைப்பும் அப்படித்தான் ஆகும். இதற்கு நேர் எதிரான சான்று மத்திய ஆஸ்திரேலியாவின் யுடோப்பியா பகுதியில் இருக்கிறது. அங்கே மக்கள் தங்கள் சொந்த நிலத்தில் சிறுசிறு குடியிருப்புகளாகச் சிதறி வாழ்கிறார்கள், வேட்டைக்குப் போகிறார்கள், தாங்களே நிர்வகிக்கும் மருத்துவ மையம் குடியிருப்பு குடியிருப்பாக வந்துபோகிறது. 2008இல் வெளியான பத்தாண்டுப் பின்தொடர் ஆய்வில், வருமானமும் வசதிகளும் குறைவாக இருந்தும், வடக்கு ஆட்புலத் தொல்குடியினரின் பொதுவான நிலையைவிட அங்கே இதய நோயாலும் பொதுவாகவும் இறப்பவர்கள் கணிசமாகக் குறைவு. 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் தொடங்கியது முதல் இன்றைக்கு நாடு முழுவதும் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட மருத்துவ மையங்களைத் தொல்குடி மக்களே நடத்துகிறார்கள். அவமதிப்புக்கு அஞ்சாமல் ஓர் இளைஞர் உள்ளே நுழைந்து கையை நீட்டக்கூடிய இடங்கள் அவை. அந்த இடங்களுக்குப் பணம் நிலையாக வருகிறதா, ஆண்டுக்கு ஆண்டு விண்ணப்பம் போட்டு வாங்க வேண்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் இருக்கிறது.

உப்பைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. பெருவின் தும்பெஸ் பகுதியில் ஆறு கிராமங்களில் வழக்கமான உப்பின் ஒரு பகுதியைப் பொட்டாசிய உப்பால் மாற்றிக் கொடுத்தார்கள். 2020இல் வெளிவந்த முடிவுப்படி, புதிதாக உயர் ரத்த அழுத்தம் வருபவர்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தார்கள். சுவை மாறியது தெரியாமல் ஊர் உப்பையே மாற்றியதில் கிடைத்தது இது. ஆஸ்திரேலியத் தொல்குடி ஊர்களில் இதை அப்படியே கொண்டுபோய் வைக்க முடியாது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் கூடினால் ஆபத்து. முதலில் யாருடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும், அங்கேயும் பரிசோதனையிடமே வந்து நிற்கிறோம். ரொட்டியில் உப்பைக் குறைப்பதற்கு அந்தத் தடை இல்லை. அதை ரொட்டி ஆலைகளின் விருப்பத்துக்கு விட்டுவைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தாமதத்தின் விலை என்னவென்று பார்க்க வேண்டுமானால் பாலைவனத்துக்குப் போக வேண்டும். கின்டோர் என்ற பிந்துப்பி மக்களின் ஊர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சுமார் 530 கிலோமீட்டர். சிறுநீரகம் செயலிழந்தவர் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கைந்து மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். அதனால் ஊரையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு நகரத்தில் தங்கிக்கிடக்க வேண்டியதாயிற்று. அரசு வழிசெய்யாததால் அந்த ஊர் ஓவியர்களே ஓவியங்களை வரைந்து, 2000இல் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஏலம் விட்டு, பத்து லட்சம் டாலருக்கும் மேல் திரட்டி, 2004இல் தங்கள் ஊருக்கு டயாலிசிஸைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்குப் ‘பர்ப்பிள் ஹவுஸ்’ என்று அழைக்கப்படும் அந்த அமைப்பு பல ஊர்களில் இயந்திரம் நடத்துகிறது. போற்ற வேண்டிய சாதனை. ஆனால் ஒரு மக்கள் தங்கள் கலையை விற்றுத் தங்கள் உயிரைக் காத்துக்கொள்ள நேர்ந்தது ஒரு பணக்கார நாட்டுக்குப் பெருமை சேர்க்காது. மலிவான மாத்திரையால் பல ஆண்டு தள்ளிப்போட்டிருக்கக்கூடிய நோய்க்கு நடந்தது அது.

2025 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு 150க்கும் மேற்பட்ட ஒதுக்குப்புறக் கடைகளில் முப்பது அத்தியாவசியப் பொருட்களை நகரத்து விலைக்கே தரும் மானியத் திட்டத்தை அறிவித்தது. ஆண்டுக்கொரு முறை தொல்குடியினருக்கு இலவச உடல் பரிசோதனை பல ஆண்டுகளாகவே இருக்கிறது, மருந்து விலையில் சலுகை 2010 முதல் இருக்கிறது. செய்ய வேண்டியது என்ன என்று தெரியாத நிலையில் அந்த நாடு இல்லை. திவி தீவுகளில் ஒரு திட்டம் நான்கே ஆண்டில் உயிர்களைக் காத்ததையும், அது தளர்ந்ததும் அந்த உயிர்கள் போனதையும் அந்த நாட்டின் சொந்த மருத்துவ இதழ்களே பதிவு செய்திருக்கின்றன. மானியமும் பரிசோதனையும் வீட்டுக் குழாய்ப் பழுதும் தேர்தலுக்குத் தேர்தல் புதுப்பிக்கும் சலுகைகளாக இல்லாமல், மின்சாரத்தையும் சாலையையும்போல நிலையான செலவாக வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். அதுவரை 18 வயதில் அளந்து பார்க்கும் ஒவ்வொரு பிரஷருக்கும், அளந்தபின் யார் தொடர்ந்து மாத்திரை கொண்டுவந்து தருவார்கள் என்ற கேள்விக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.